தீப்பெட்டியின் மூலப்பொருள் பட்டியல்

பள்ளி மாணவர்க்குச் செயல்திட்டம் வழங்கும் வழக்கம் பரவிய பிறகு, எழுதுபொருள் கடைகளில் ஆயத்தச் செயல்திட்டங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. பிள்ளை ஆராய வேண்டியதைக் கடைக்காரர் ஆராய்ந்து வைத்திருக்கிறார். ஒட்டுவது மட்டுமே பிள்ளையின் வேலை. இருப்பினும், இடும் தலைப்புகளுள் சில உண்மையிலேயே அருமையானவை. அண்மையில் நம் உறவினர் மகனுக்கு, ஒன்பதாம் வகுப்பில், அத்தகைய தலைப்பொன்று வாய்த்தது. அன்றாடம் கையாளும் தொழிற்சாலைப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனுள் அடங்கிய மூலப்பொருள்கள் யாவை, அவை எவ்வாறு வந்து சேர்ந்தன என ஆய்ந்து எழுதுக என்பது பணி. பிறர் பென்சிலையும் சோப்பையும் பற்பசையையும் எடுத்துக்கொள்ள, இவன் தீப்பெட்டியைத் தேர்ந்திருந்தான். தெற்கத்தி மாவட்டத்துப் பிள்ளைக்கு இயல்பான தேர்வுதான்.

அவன் கொண்டுவந்து காட்டிய பட்டியலில் நான்கே வரிகள். குச்சி: மரம். முனை: பாஸ்பரஸ். பெட்டி: அட்டை. பக்கவாட்டுப் பட்டை: உப்புத்தாள். இவற்றுள் இரண்டாம் வரியும் நான்காம் வரியும் பிழை. இன்று நாம் வாங்கும் தீக்குச்சியின் முனையில் பாஸ்பரஸ் இல்லை. அது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. இதனைத் திருத்திக் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் பாஸ்பரஸ் முனையில் இருந்த காலம் ஒன்று உண்டு. முனையிலிருந்து பெட்டிக்கு அரை விரற்கடை தூரம் அது நகர்வதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன, இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை அப்பட்டியலின் எந்த வரியிலும் எழுத முடியாது. அதனையே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

முதலில் பட்டியலைச் சரியாகவே போட்டுவிடுவோம். முனையில் இருக்கும் கலவையைத் தொழில் நடக்கும் ஊர்களில் 'மருந்து' என்கின்றனர். அதில் ஏறத்தாழப் பாதி பொட்டாசியம் குளோரேட்டு. சூடேறும்போது ஆக்சிசனை வெளிவிடுவது இதன் வேலை. எரிவதற்குக் கந்தகம், வேகத்தைக் கட்டுப்படுத்தக் கண்ணாடித் தூள் முதலியன, இவற்றைப் பிணைக்க வச்சிரம். தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திய அதே வச்சிரப் பசைதான், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. (ஆலயத்தில் கற்பூரம் ஏற்றும் கை இதனை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை!) முனையை ஒட்டிய குச்சிப் பகுதி மெழுகில் தோய்ந்திருக்கும், மருந்தின் நெருப்பைக் குச்சிக்குக் கடத்துவது அம்மெழுகே. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், கண்ணாடித் தூள், வச்சிரம், அவற்றோடு ஆன்டிமனி சல்பைடு. இந்தக் கடைசிப் பெயர் கேட்டு மிரள வேண்டியதில்லை. நம் முன்னோர் அஞ்சனக்கல் எனக் கண்ணுக்கு மை தீட்ட அரைத்த கல்லே அது.

உரசும்போது நிகழ்வது நுட்பமானது. கண்ணாடித் தூளின் உராய்வு வெப்பத்தில் பக்கவாட்டிலிருக்கும் சிவப்பு பாஸ்பரசின் மிகச் சிறு பகுதி வெள்ளை பாஸ்பரசாக மாறிக் காற்றுப் பட்டவுடன் பற்றிக்கொள்கிறது. அப்பொறி குச்சி முனையின் குளோரேட்டைத் தூண்ட, நெருப்பு பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு குச்சியிலும் அந்தப் பழைய நச்சு ஒரு கணம் தோன்றி எரிந்து மறைகிறது.

நெருப்பைக் கடைந்தெடுத்த காலம் தமிழ் பயின்றோர் அறிந்ததே. ஞெலிகோல் என்னும் சொல்லைப் பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் கையில் காண்கிறோம். தீக்கடையும் அக்கோலால் அவன் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். பின்னர் சக்கிமுக்கிக் கல் வந்தது. நெருப்பைக் குச்சியின் முனையிலேயே உறங்கவைக்கும் உத்தி வந்தது 1826இல்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஸ்டாக்டன் என்னும் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் பிசினில் குழைத்துக் குச்சி முனையில் பூசினார். மடித்த உப்புத்தாளுக்கிடையே வைத்து இழுத்தால் பற்றும். 1827 ஏப்ரலில் முதல் விற்பனை அவர் கணக்கேட்டில் பதிவாகியுள்ளது. காப்புரிமை அவர் பெறவில்லை. இலண்டன் வணிகர் ஒருவர் அதையே 'லூசிஃபர்' எனப் பெயரிட்டு விற்றார். கவனிக்க: இந்த முதல் தீக்குச்சியில் பாஸ்பரஸ் அறவே இல்லை.

பாஸ்பரசின் வரலாறு தனி. 1669இல் ஹாம்பர்க் நகரத்து இரசவாதி ஹென்னிக் பிராண்ட், பொன் தேடிப் பெருமளவு சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது இருளில் ஒளிரும் பொருளொன்று கிடைத்தது. 'ஒளியைச் சுமப்பது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை அதற்கு இட்டனர். நம் விடிவெள்ளிக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரும் அதுவே. இலத்தீனில் அதே பொருள் தருவது லூசிஃபர். பாஸ்பரஸ் இல்லாத குச்சிக்கு முதலில் வைத்த பெயர் பின்னர் பாஸ்பரஸ் குச்சிக்கு ஒட்டிக்கொண்டது, சொல்லாராய்ச்சியாளர் மகிழத்தக்க தற்செயல். நூறாண்டு கழித்து சுவீடனில் எலும்பிலிருந்து பாஸ்பரஸ் எடுக்கும் வழி கண்டனர். அதன்பின் பொருள் மலிந்தது.

வாக்கரின் குச்சி உரசும்போது வெடித்துச் சிதறும், நாற்றமடிக்கும், சில வேளை பற்றவே பற்றாது. 1830ஐ ஒட்டி சார்ல் சோரியா என்னும் பிரெஞ்சு இளைஞர் முனைக் கலவையில் வெள்ளை பாஸ்பரசைச் சேர்த்தார். அதன்பின் எதில் உரசினாலும் குச்சி பற்றியது. சுவரில், செருப்படியில், கால்சட்டையில். மக்கள் விரும்பி வாங்கினர். ஐரோப்பா முழுவதும் தீக்குச்சிப் பட்டறைகள் பெருகின. தேவையான முதலீடு சிறிது, வேலை எளிது, பெண்களும் சிறுவரும் போதும்.

ஓராண்டு, ஈராண்டு அல்லது ஐந்தாண்டு கழித்து அவர்களுள் சிலருக்குப் பல் வலி தொடங்கியது. பல் விழுந்தது. பல் விழுந்த இடம் ஆறவில்லை. வெள்ளை பாஸ்பரசின் ஆவி சொத்தைப் பல்லின் வழியே தாடையெலும்பைச் சென்றடைந்து அதனைச் சாகடித்துக்கொண்டிருந்தது. முகம் வீங்கிச் சீழ் வடியும். நாற்றம் தாளாமல் வீட்டாரே விலகி அமர்வர். அழுகிய தாடையை அறுத்தெடுப்பதே மருத்துவம். எடுக்காவிடில் பலருக்குச் சாவு. ஆங்கிலத் தொழிலாளர் இதற்கு இட்ட பேச்சுவழக்குப் பெயரைப் 'பாஸ்பரஸ் தாடை' எனப் பெயர்க்கலாம். வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இந்நோயை 1845இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

இங்குதான் நம்மை வியக்கவைக்கும் செய்தி இருக்கிறது. அதே வியன்னாவில், அதே 1840களில், அன்டன் ஷ்ரோட்டர் என்னும் வேதியியலார் வெள்ளை பாஸ்பரசைக் காற்றுப் படாமல் சூடாக்கிச் சிவப்பு பாஸ்பரசாக மாற்றினார். தனிமம் ஒன்றே, ஆனால் சிவப்பு தானாகப் பற்றாது, ஆவி விடாது, தாடையைத் தின்னாது. நோயும் அதற்கான மாற்றுப்பொருளும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே வேளையில் அறியப்பட்டன. சுவீடனில் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844இலேயே பாஸ்பரசைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்தில் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1851 வாக்கில் பர்மிங்காம் அருகே ஆர்தர் ஆல்பிரைட் சிவப்பு பாஸ்பரசை வணிக அளவில் ஆக்கினார். அதை வாங்கிப் பாஷின் முறையைச் செம்மை செய்த யோன்சோப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தோரின் 'பாதுகாப்புத் தீக்குச்சி' 1855 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்றது. அதே ஆண்டு, பிரித்தானியாவில் அதனைச் செய்யும் உரிமையை இலண்டனின் பிரையன்ட் அன்ட் மே நிறுவனம் விலைக்கு வாங்கியது.

1855ஐ வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். அவ்வாண்டிலிருந்து அந்நிறுவனத்தின் கையில் நஞ்சற்ற தீக்குச்சி இருந்தது. செய்யவும் செய்தது. ஆனால் அதன் விலை கூடுதல். அப்பெட்டியில் மட்டுமே அது பற்றும். வாங்குவோர் மலிவானதையும் எங்கும் பற்றுவதையும் கேட்டனர். எனவே வெள்ளை பாஸ்பரஸ் குச்சியையும் விடாமல் செய்தது. 1901 வரை செய்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! அறியாமையால் நேர்ந்த தீங்கு என வரலாற்று நூல்கள் பலவற்றைக் கூறும். இதை அந்தக் கணக்கில் சேர்க்க நம்மால் இயலவில்லை.

இதற்கிடையே நிகழ்ந்ததே 1888ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம். அதற்கு வழிவகுத்த கட்டுரையை எழுதியவர் நமக்கு அன்னியர் அல்லர். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக வாழ்ந்து, 1917இல் காங்கிரசுக்கும் தலைமை ஏற்று, 1933இல் அடையாற்றிலேயே மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான் அவர். அப்போது அவர் இலண்டனில் சமதர்ம இயக்கத்தில் இருந்தார். 1888 ஜூன் 23 அன்று தம் 'தி லிங்க்' இதழில், இலண்டனின் வெள்ளை அடிமைத்தனம் என்னும் பொருள்பட்ட தலைப்பில் பிரையன்ட் அன்ட் மே ஆலையைப் பற்றி எழுதினார். பங்குதாரர்க்கு 23 விழுக்காடு ஈவுத்தொகை கொடுத்த நிறுவனத்தில் பதினாறு வயதுப் பெண்ணின் வாரக் கூலி 4 ஷில்லிங். அதிலும் காலில் அழுக்கிருந்தால் 3 பென்ஸ் அபராதம். இவை அக்கட்டுரை தரும் செய்திகள். கட்டுரையை மறுத்துக் கையொப்பமிடுமாறு நிர்வாகம் கேட்க, பெண்கள் மறுக்க, ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர். இரு வாரங்களுக்குள் வென்றனர். பெசன்ட் அம்மையாரே போராட்டத்தை நடத்தினார் எனச் சிலர் எழுதுவது மிகை. வேலையை நிறுத்தியவர்கள் அப்பெண்களே, அம்மையார் பின்னர் துணைநின்றார்.

அபராதங்கள் ஒழிந்தன, உணவு உண்ணத் தனி அறை கிடைத்தது. தனி அறை என்பது சிறு சலுகையன்று. வேலை செய்யும் மேசையிலேயே அப்பம் தின்றபோது பாஸ்பரசும் அதனோடு வாய்க்குள் சென்றுகொண்டிருந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போராட்டம் கூலியையும் நடத்தையையும் மாற்றியது, மருந்தை மாற்றவில்லை. வெள்ளை பாஸ்பரஸ் தொடர்ந்தது.

மருந்தை மாற்றிக் காட்ட முயன்றது இரட்சணிய சேனை. 1891இல் அச்சேனை இலண்டன் கிழக்குப் பகுதியிலேயே ஆலை நிறுவி, சிவப்பு பாஸ்பரசில் குச்சி செய்து, கூடுதல் கூலியும் கொடுத்தது. நெஞ்சுள்ளோர் வாங்கினர், ஆனால் மலிவுக் குச்சியின் சந்தையை அதனால் அசைக்க முடியவில்லை. பத்தாண்டில் அவ்வாலை பிரையன்ட் அன்ட் மே கைக்கே போயிற்று. 1898இல், தாடை நோயாளிகளை அரசுக்கு அறிவிக்காமல் மறைத்தமைக்காக அந்நிறுவனத்துக்கு நீதிமன்றம் விதித்த தண்டம் 25 பவுனும் சில்லறையும். அதே ஆண்டு பிரான்சில் செவேன், காயன் இருவரும் எங்கும் உரசத்தக்க, ஆனால் நஞ்சற்ற, பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடுக் கலவையைக் கண்டறிந்தனர். வெள்ளை பாஸ்பரசுக்கு வாதாட இருந்த கடைசிச் சாக்கும் அத்துடன் போயிற்று. பின்லாந்தும் டென்மார்க்கும் 1870களிலேயே வெள்ளை பாஸ்பரசைத் தடை செய்திருந்தன. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. பிரித்தானியாவில் 1908இல் சட்டம் வந்து 1910 தொடங்கும்போது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அதையே செய்தது.

அச்சட்டம் வந்த காலத்தில் இந்நாட்டில் பெரும்பாலும் சுவீடனும் ஜப்பானும் அனுப்பிய பெட்டிகளே விற்றன. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் கடும் வரி விதித்தபோது நிலைமை மாறியது. வரிச்சுவரைத் தாண்டச் சுவீடன் நிறுவனம் இங்கேயே ஆலை கட்டிக்கொண்டது. 1923இல் தோன்றிய விம்கோ அதுதான். உலகத் தீப்பெட்டி வணிகத்தையே கையில் வைத்திருந்த ஐவர் குரூகர் இதன் பின்னிருந்தார். (அவர் 1932இல் பாரிசில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதும், மாய்ந்தபின் அவர் கணக்குகளில் வெளிவந்த புரட்டுகளும் தனிக் கட்டுரைக்கு உரியவை.) அதே வரிச்சுவரின் நிழலில்தான் சிவகாசியும் எழுந்தது. பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பி, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினர். முதலில் ஜெர்மன் எந்திரம், விரைவில் கைவேலை. மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் வேலை தேடும் கைகளுக்குப் பஞ்சமில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனத் தொழில் பரவியது. குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து வந்தது. அவ்வட்டாரத்தில் ஆலை என எவரும் சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பதே வழக்கு. 'ஆபீசுக்குப் போறா' என்றால் அந்தப் பெண் மேசை முன் அமர்ந்து எழுதுகிறாள் என வெளியூரார் எண்ணிவிடலாகாது.

சட்டம் பத்தாண்டு முன்னரே வந்துவிட்டமையால் சிவகாசியின் தாடைகள் தப்பின. இதனை நாம் பெரும் பேறாகவே கருதுகிறோம். ஆனால் மலிவுக்கு விலை கொடுக்க வேறு ஏதேனும் வேண்டியிருந்தது. சட்டத்தின் இடுக்குகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவதற்கும், பெட்டி ஒட்டுவதற்கும், சீட்டு ஒட்டுவதற்கும் சிறு விரல்கள் வேகமானவை எனக் கண்டனர். அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு, ஒட்டிய குரோசுக்கு இவ்வளவு எனக் கூலி. விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டிகளை அவ்வட்டாரத்தில் நாற்பது வயது கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய எந்திர ஆலைக்கு எதிரே சிறு கைத்தொழிலைக் காக்க அரசு தந்த தீர்வைச் சலுகை நியாயமானதே. ஆயினும், சலுகைக்காகத் தொழில் சிறு சிறு கூறுகளாக உடைந்தபோது, தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதும் எளிதாயிற்று என்பது நம் கருத்து.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலைத் தடைப் பட்டியலில் வைத்தது. குடும்பத்தார் துணையோடு வீட்டில் செய்யும் வேலைக்கு மட்டும் அது விலக்களித்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவது அவ்விலக்குக்குள் அடங்கிற்று. எம். சி. மேத்தா தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும், பிள்ளைக்கு மாற்றாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், தர இயலாவிடில் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்பன அதன் கூறுகள். 1898இன் 25 பவுனையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தீர்ப்பும், ஊர் தோறும் வந்த பள்ளிகளும், சத்துணவும், எந்திரமும் சேர்ந்தே பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தன. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்கள் உடன்படுவதில்லை. நாம் சத்துணவுக்கும் பள்ளிக்கும் சற்றுக் கூடுதல் பங்கு தருவோம். பிள்ளையை ஆபீசிலிருந்து விலக்கினால் மட்டும் போதாது, போவதற்கு ஓர் இடமும் அங்கே ஒரு வேளைச் சோறும் வேண்டுமல்லவா?

செயல்திட்டத்தின் மூன்றாம் வரியான பெட்டியையும் விட்டுவிடலாகாது. இன்று அது அட்டை. முன்பு மெல்லிய மரச்சீவலை மடித்து நீலத்தாள் சுற்றி ஒட்டியதாக இருந்தது. ஊர்ப்புறத்தில் அதனை 'வத்திப்பெட்டி' என்போம். ஈழத்தில் 'நெருப்புப்பெட்டி' என்பர். மரச்சீவல் பெட்டியை வீட்டில் ஒட்டி வளர்ந்த பெண்கள் அதன் மடிப்புகளைக் கண்மூடிக்கொண்டே இன்றும் செய்து காட்டுவர். அட்டை வந்தபின் அந்த ஒட்டும் கூலி வீடுகளிலிருந்து மறைந்தது. எந்திரம் வந்தபின் அடுக்கும் கூலியும் குறைந்தது. தொழிலில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் பெண்கள்.

ஒரு பெட்டியின் விலை 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் அவ்விலை அசையவில்லை. அந்த இடைவெளியில் வேறெந்தப் பொருள் ஒரு ரூபாயிலேயே நின்றது எனத் தேடிப் பார்க்கலாம். 2021 அக்டோபரில் உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடி, டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் என முடிவு செய்தன. பெட்டிக்கு 36 குச்சி என்பதை 50 ஆக்குவதாகவும் கூறின. அதற்குக் காரணமாக அவர்கள் வெளியிட்டது ஒரு மூலப்பொருள் பட்டியலே. மெழுகு கிலோ 58 ரூபாயிலிருந்து 80. வெளிப்பெட்டி அட்டை 36இலிருந்து 55. உட்பெட்டி அட்டை 32இலிருந்து 58. சிவப்பு பாஸ்பரஸ் 425இலிருந்து 810.